இரண்டு பிரபுக்களின் ஓப்ரி

புனித யோவான் திருநாளுக்கு மறுநாள் காலை, சோர்னே ஊர்க் குதிரைவீரன் ஓப்ரி கட்டிலின் இரண்டு பக்கமும் இறங்கினான். இடப்பக்கம் இறங்கியவன் காலணியைத் தேடினான். வலப்பக்கம் இறங்கியவன் அதை மாட்டி முடித்திருந்தான். நடுவில் கிடந்த மனைவி எர்சான், வீட்டில் போர்க்குதிரை ஒன்றுதானே இருக்கிறது என்றுதான் முதலில் கவலைப்பட்டாள்.

தப்பு ஓப்ரியுடையதுதான். அப்பன் விட்டுப்போன மேட்டுநில மானியத்துக்காக இருபது வயதில் மோர்வால் பிரபு எனோவின் முன் மண்டியிட்டு, கூப்பிய கைகளை அவர் கைகளுக்குள் வைத்து, உமது ஆள் நான் என்று சத்தியம் செய்தவன். எர்சான் சீதனமாகக் கொண்டுவந்த ஆற்றங்கரைத் திராட்சைத் தோட்டமோ பிரெசி பிரபு தியெரி தந்த மானியம், அங்கேயும் மண்டியிட்டான். இரண்டாவது பிரபுவிடம் கைகொடுக்கிறவன், 'முதல் பிரபுவுக்கு உரிய விசுவாசம் நீங்கலாக' என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். கழுதை மேய்க்கிறவனுக்கும் தெரிந்த சங்கதி. கல்யாண விருந்தில் வறுபட்ட பன்றியின் வாசனை மூக்கைத் துளைத்ததில் ஓப்ரி அந்த வரியை விழுங்கிவிட்டான். ஒன்பது வருஷம் ஒன்றும் ஆகவில்லை. பத்தாம் வருஷம் ஆற்றுத்துறை யாருக்கு என்று பிரபுக்கள் முட்டிக்கொண்டார்கள். இருவருடைய தூதர்களும் ஒரே மாலையில் வந்து, நாற்பது நாள் படைச்சேவைக்கு நேரில் வா, வராவிட்டால் மானியம் பறிபோகும் என்று சொல்லிப் போனார்கள். எந்தப் பக்கம் போனாலும் பாதி வாழ்வு போகும். அந்த யோசனையோடு படுத்தவன்தான் இரண்டாக எழுந்தான்.

குதிரை யாருக்கு என்று எர்சான் வைக்கோல் துரும்பால் சீட்டுப் போட்டுப் பார்த்தாள். எனோவிடம் போகவேண்டிய மேட்டுநிலத்து ஓப்ரிக்குப் போர்க்குதிரை விழுந்தது. தியெரியிடம் போகவேண்டிய ஆற்றங்கரை ஓப்ரிக்கு இரும்புச்சட்டையும் உழவுக்குதிரையும். "ரெண்டு பேரும் முழுசாத் திரும்பி வரணும்," என்றாள். "பாதி பாதியா வந்தா ஒட்டவைக்க என்னால ஆகாது."

பதினோராம் நாள் துறையில் இருவரும் எதிரெதிரே வந்தார்கள். ஒருவன் ஈட்டி மற்றவன் தோளைக் கீற, இருவர் தோளிலும் ரத்தம் வந்தது. எனோ பிரபு குதிரையை முன்னே விட்டார்.

"யோவ் தியெரி, உன் ஆள் என் ஆளைக் குத்திட்டான்."

"குத்தினவன் உன் ஆளுய்யா. காயம்பட்டவன் என் ஆளு."

சத்தியம் செய்தவனைக் காப்பது பிரபுவின் கடமை. ஓப்ரி இருவருக்கும் ஆள் என்பதால் எந்தப் பக்கமும் வாளை ஓங்க முடியவில்லை. மிச்ச நாள்களில் இரண்டு படைகளும் மீன் பிடித்தன. துறையை ஆளுக்கொரு வாரம் என்று பங்கிட்டுக்கொண்டு கலைந்தார்கள். இப்படி ஒருவன் இருந்தால் இனி நிம்மதியாகச் சண்டைகூடப் போட முடியாது என்று பிரபுக்கள் இருவரும் சேர்ந்தே சொல்லியனுப்பினார்கள்: விட்ட வரியைச் சேர்த்து மறுபடி சத்தியம் செய்யட்டும். அந்த வரியை விட்டதால் இரண்டானவன், ஒரு ஓப்ரி அதைச் சொன்ன கணமே ஒன்றாவான், மற்றவன் இல்லாமல் போவான் என்றார் ஊர்ப் பாதிரியார். எவன் சொல்வது என்பதை எர்சானிடம் விட்டார்கள்.

ஊரே பதிலை ஊகித்துவிட்டது. ஆற்றங்கரை ஓப்ரிக்குக் கல்யாண நாள் தொடங்கி நடந்தது மட்டும் நினைவிருந்தது. மேட்டுநிலத்தவனுக்கு அதற்கு முந்தியதுதான் தெரியும். எர்சானை அம்மணி என்றுதான் கூப்பிட்டான். குதிரையைத் தேய்த்துக் கட்டிவிட்டு அவனே வந்து நின்றான்.

"அவரையே சொல்லச் சொல்லுங்க, அம்மணி. என்னை உங்களுக்குப் பழக்கமில்லையே."

எர்சான் மற்றவனிடம் திரும்பி, கல்யாணத்துக்கு முன்பே இறந்த அவன் அம்மா முகம் எப்படி இருக்கும் என்று கேட்டாள். அவன் மேட்டுநிலத்தவனிடம் திரும்பி அதையே கேட்டான்.

"உங்களை அனுப்பிட்டா இவரு அநாதை," என்றாள் மேட்டுநிலத்தவனிடம். "இவரை அனுப்பிட்டா நான் விதவை. பத்து வருஷமா சொல்லாத வரி, சொல்லாமலே கிடக்கட்டும்."

பிரபுக்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் நாற்பது நாளும் குறைவில்லாமல் இரண்டு பக்கமும் சேவை செய்தவனிடமிருந்து நிலத்தைப் பறிக்க வழக்கத்தில் இடமில்லை. புரட்டாசிக் கடைசியில் திராட்சை பழுத்தது. தொட்டியில் பழம் மிதித்தபடி எர்சான் ஒருவனுக்கு அவன் கல்யாணக் கதையை முதலிலிருந்து சொன்னாள். அவன் மற்றவனுக்கு அம்மாவைப் பற்றிச் சொன்னான். அந்த வருஷ அறுவடைக்குக் கூலியாள் ஒருவர் குறைவாகவே போதுமாயிருந்தது.