ராசியில்லாத கை

கம்ப்யூட்டர் திரையில் சின்னப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றத் தொடங்கின. தங்கை மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பட்டென்று எல்லாம் அணைந்தது.

"மறுபடியும் போச்சுண்ணே."

இரண்டு கையும் வேண்டியிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்திருந்தாள். மறுமுனையில் இருந்தவரை எல்லோரும் ஸ்குரு அண்ணன் என்பார்கள். கட்டட வரைபட அலுவலகத்தில் அவள் வேலை பார்த்த காலத்தில் அங்கே கம்ப்யூட்டர் பழுது பார்த்தவர். இப்போது வெளியூரில் இருந்தார்.

"கொஞ்ச நேரம் ஆறவிட்டுப் போட்டா கூடுதலா ஓடுதா?"

"ஆமா. காலையில முழுசா திறந்துச்சு. ஃபைலைத் தேடுறதுக்குள்ள படுத்துடுச்சு. இப்போ பாதி வழியிலேயே படுத்துடுது."

"அப்போ சூடுதான். பெட்டியைத் திறந்துட வேண்டியதுதான். முதல்ல பிளக்கைப் பிடுங்கு. நீ பாட்டுக்குக் கையை வெச்சு எனக்குக் கெட்ட பேர் வாங்கிக் குடுத்துடாதே."

அந்தப் பெட்டிக்குள் மூன்று மாடி ஆஸ்பத்திரி ஒன்றின் வரைபடம் இருந்தது. வேறெங்கும் நகல் எடுத்து வைக்காத தன் புத்தியைக் காலையிலிருந்து திட்டிக்கொண்டிருந்தாள். இன்று மாலைக்குள் அனுப்பினால் நாளை கம்பெனியின் உள்ளூர் அலுவலகத்துக்கு நேரில் போய் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாம். வேறொரு ஊரில் வேலை. அனுப்பாவிட்டால் அது அடுத்தவருக்கு. முப்பத்தாறு வயதில் முதல்முறையாக இந்த வீட்டை விட்டுத் தனியாகப் போகப்போகிறாள்.

அக்கா டீயோடு வந்தாள். "அதைப் போட்டு ஏன் நோண்டுறே பாப்பா? உன் கையைப் பத்தித் தெரியாதா?"

"அவ கைக்கு என்ன?" என்றது போன்.

"அதை ஏன் கேக்குறீங்க தம்பி! பரீட்சை அன்னிக்கு அலாரம் அடிக்கல. இன்டர்வியூ அன்னிக்கு ஸ்கூட்டர் கிளம்பல. ஒரு நல்ல மாப்பிள்ளை போன்ல பேசறேன்னு சொன்னாரு, அன்னிக்குப் பூரா போன் ஊமை. இவ தொட்டா எதுவும் விளங்காது."

ஸ்குரு அண்ணன் சிரித்தார். தங்கையும் சிரித்தாள். வீட்டில் அது பழைய வேடிக்கை. ஒவ்வொரு முறையும் அக்காதான் அவளைக் கட்டிக்கொண்டு, "விடு, நான் இருக்கேன்ல," என்று தலையைத் தடவிவிடுவாள். அம்மா போனபின் தன் கல்யாணத்தை வேண்டாமென்று தள்ளிவிட்டு இவளை வளர்த்தவள். அந்த மடியில் அழுது அழுதே தான் ராசியில்லாதவள் என்பது தங்கைக்குப் பழகிப்போயிருந்தது. அதில் ஒரு சுகம்கூட இருந்தது.

டம்ளரை வைத்த அக்கா, மேஜையில் கிடந்த சார்ஜர் வயரை எடுத்து இரண்டு விரலில் சுற்றி, நுனியை வளையத்துக்குள் செருகி ஓரமாக வைத்தாள். ஒரு வயர் தொங்கிக்கொண்டு கிடந்தால் அவளுக்குப் பொறுக்காது. இஸ்திரிப் பெட்டியானாலும் சரி, துணிக்கொடிக் கயிறானாலும் சரி, அதே சுற்று, அதே செருகல்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தங்கை பெட்டியின் பக்கத் தகட்டை எடுத்தாள். ஸ்குருக்கள் விரலாலேயே கழன்றன.

"நடுவுல குட்டி ஃபேன் ஒண்ணு இருக்கும். அதோட வயர் போர்டுல சொருகியிருக்கா பாரு."

டார்ச்சை அடித்தாள். எங்கும் சாம்பல் நிறத் தூசி. ஃபேனிலிருந்து கிளம்பிய வயர் போர்டுக்குப் போகவில்லை. இரண்டு விரல் அகலத்துக்கு வளையமாகச் சுற்றப்பட்டு, நுனி உள்ளே செருகப்பட்டு, ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது.

"என்னம்மா, பேச்சையே காணோம்?"

"கழண்டிருக்குண்ணே. தானா கழலுமா?"

"தானாவா? இறுக்கமா இருக்கும்மா. பிடிச்சு இழுத்தாத்தான் வரும். வீட்ல யாராச்சும் கை வெச்சாங்களா?"

தங்கை நிமிர்ந்து அக்காவைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளை பேசாத அன்று மாலை போன் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வயர் இப்படித்தான் சுருண்டு கிடந்தது. 'அக்கா எவ்வளவு சுத்தம்' என்று நினைத்துக்கொண்டு இவள் அதைத் தாண்டிப்போனாள். அலாரம் கடிகாரத்தின் பேட்டரி அன்று எங்கே இருந்தது? யோசிக்க வேண்டாமென்று தன்னையே கெஞ்சினாள். மனம் கேட்கவில்லை.

"எலியா இருக்கும்ணே," என்றாள். "நான் பார்த்துக்கிறேன்." போனை அணைத்தாள்.

வளையத்தைப் பிரித்தாள். வயரைச் செருகினாள். பிளக்கை மாட்டிப் பொத்தானை அழுத்தியதும் ஃபேன் சுழன்றது. புள்ளிகள் சுற்றி முடிந்து, திரை முழுதாகத் திறந்தது. வரைபடத்தை அனுப்பப் போட்டாள். பெரிய ஃபைல். பச்சைக் கோடு எறும்பாக ஊர்ந்தது.

அக்கா சுவரோரம் நகர்ந்தாள். சுவிட்ச் போர்டு இருக்கும் பக்கம்.

"அக்கா, இங்கே வந்து உட்காரேன்."

"அடுப்புல பால் இருக்கு பாப்பா."

"டீ போட்டதும் நீ அணைச்சுட்டுத்தானே வந்தே. வா."

அக்கா வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தங்கை அவளுடைய இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். தலை வாரிவிட்ட கைகள். சில்லென்று இருந்தன. பார்க்கிறவர்களுக்கு அது பாசமாகத்தான் தெரியும். பாசமும்தான்.

கோடு நிறைந்தது. போய்ச் சேர்ந்ததென்று திரை சொன்னது. தங்கை கைகளை விடவில்லை.

அக்கா பெருமூச்சு விட்டாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. எப்போதும்போல கனிவாகக் கேட்டாள்:

"நாளைக்கு ஸ்கூட்டர்லதானே போவே? நான் துடைச்சு ரெடியா வெச்சிடறேன்."