உயிர் போன இடம்

"மூச்சு இருக்குதா கண்ணு?" என்று போனில் அம்மா தேவம்மா கேட்டாள்.

ஆம்புலன்ஸ் கொள்ளேகாலத்தைத் தாண்டியிருந்தது. வினிதா ஒரு கையால் அப்பாவின் தாடையைத் தாங்கிப் பிடித்திருந்தாள். தாடைக்குக் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இருக்கைக்கு அடியில் போட்டிருந்தாள். அது இருந்தால் வாசலிலேயே எல்லாம் தெரிந்துபோகும்.

"இருக்குதும்மா. லேசா இருக்குது."

"அப்ப வூட்டுக்குள்ளயே கொண்டாந்துருங்க."

இதற்காகத்தான் அந்தப் பொய். வெளியூரில் செத்தவரை ஹனூரில் அவர்கள் சனம் நிலைப்படி தாண்ட விடாது. வாசலில் கிடத்தி, வாசலிலிருந்தே எடுத்துவிடுவார்கள். அப்பா கரியப்பன் தன் தலையில் செங்கல் சுமந்து கட்டிய வீடு அது. அதற்குள் அவருக்கே இடமில்லை என்பதை வினிதாவால் பொறுக்க முடியவில்லை. ஓட்டுநர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

மைசூரில், தேவராஜ மார்க்கெட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது முந்தின நாள் அவர்கள் தங்கிய பொட்டிக் ஹோட்டல். பொட்டிக் என்றால் என்னவென்று கரியப்பனுக்குத் தெரியாது. புக் செய்த வினிதாவுக்கும் சரியாகத் தெரியாது. பழைய பங்களாவுக்கு வெள்ளையடித்து, பெரிய சுவரில் ஒரே ஒரு படத்தை மாட்டி, குளியலறையில் மல்லிகை மணக்க வைத்திருந்தார்கள். வாழைத்தார் ஏற்றி வந்து அதே மார்க்கெட்டில் லாரிக்கடியில் தூங்கி எழுந்த மனிதரை ஒரு தரமாவது அங்கே படுக்க வைக்க வேண்டும் என்பது அவளுடைய பிடிவாதம். "எனக்கெதுக்கு கண்ணு அதெல்லாம்" என்றுதான் அவர் சொன்னார். இழுத்துக்கொண்டு வந்தது அவள்தான்.

அறைக் கதவருகே சாவி அட்டையைச் செருக ஒரு பெட்டி இருந்தது. அட்டை இருந்தால்தான் விளக்கு எரியும். சாப்பிடக் கிளம்பும்போது அவள் அட்டையை உருவினாள், அறை இருண்டது. கரியப்பன் சட்டைப் பையிலிருந்து தன் ஓட்டர் கார்டை எடுத்துச் செருகிப் பார்த்தார். எரிந்தது.

"பாத்தியா, அதுக்கு ஆளெல்லாம் தெரியாது. ஏதோ ஒரு அட்டை இருந்தாப் போதும்."

"எடுங்கப்பா. ஆளில்லாத ரூமுக்கு எதுக்கு லைட்டு?"

"திரும்பி வரும்போது இருட்டா இருக்கக் கூடாது கண்ணு."

விடிந்தபோது அவர் எழவில்லை. டாக்டர் வந்து பார்த்து, தூக்கத்திலேயே உயிர் போயிருக்கிறது என்றார். மற்றவர்கள் காலைச் சாப்பாட்டுக்கு இறங்குவதற்குள் பின்பக்கமாக எடுத்துவிட முடியுமா என்று மேனேஜர் மிகப் பணிவாகக் கேட்டார். அழுக்குத் துணி இறங்கும் லிஃப்டில் அப்பா இறங்கினார். அந்த ஆத்திரம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

வீட்டுக்குள் கட்டிலில் கிடத்தியதும் தேவம்மா டம்ளரில் பாலோடு வந்தாள். அவருடைய பாதத்தைத் தொட்டாள். தொட்ட கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு வாயில் பாலை விட்டாள். பால் கடைவாயில் வழிந்து தலையணையில் இறங்கியது. முந்தானையால் துடைத்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"ரெண்டு மடக்கு குடிச்சாரு. இப்பத்தான் போச்சு."

வீடு முழுக்க அழுகை எழுந்தது. அம்மாவையே ஏமாற்றிவிட்டோமே என்று வினிதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சாயங்காலம் அடக்கம் முடிந்து ஆண்கள் குளித்துத் திரும்பினார்கள். அப்பாவின் அக்கா பாப்பாயி விளக்கோடு வந்தாள்.

"உசுரு போன எடத்துலதான் வெளக்கு வெக்கோணும். மாத்தி வெச்சா எடம் தெரியாம அலையும். கட்டலு எங்க கெடந்துச்சு கண்ணு?"

வினிதா சுவரோரத்தைக் காட்டினாள்.

அந்த விளக்கைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பயம் பிடித்தது. யார் உயிரும் போகாத இடத்தில் அது எரிகிறது. அவர் அங்கே, மல்லிகை மணக்கும் அறையில், தன் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார். செருப்பையும் அவள் அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். வாசலில் காலடி கேட்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தாள். வந்தவர்கள் எல்லாரும் வேறு யாரோ.

போன் அடித்தது. ஹோட்டல் ரிசப்ஷனில் இருக்கும் மனிஷா.

"மேடம், நான் உங்க ரூம்லதான் நிக்கிறேன். காலையிலிருந்து லைட் எரியுது. அப்பாவோட ஓட்டர் கார்டு இங்கயே இருக்கு. எடுத்தா ஆஃப் ஆயிடும், இல்லையா… இறந்தவரோட விளக்காச்சேன்னு கிளீனிங் ஆளுங்க யாரும் தொட மாட்டேங்கறாங்க. நான் எடுத்து அனுப்பட்டுமா?"

வினிதா சுவரோர விளக்கைப் பார்த்தாள்.

"எடுக்காதீங்க. எரியட்டும். ரூம் எம்பேர்லயே இருக்கட்டும், நான் வர்றேன்."

சொல்லிவிட்டு, போனை வைக்காமலே திரும்பினாள். பின்னால் தேவம்மா நின்றுகொண்டிருந்தாள். கையில் எண்ணெய்க் கிண்ணம். மனிஷா பேசியதெல்லாம் அவள் காதிலும் விழுந்திருந்தது.

"அம்மா…"

தேவம்மா அவளைப் பார்க்கவில்லை. சுவரோரம் போய்க் குந்தினாள். திரி கருகத் தொடங்கியிருந்தது. எண்ணெயை ஊற்றாமல் கிண்ணத்தைத் தரையில் வைத்தாள்.

"சன்னலைத் தொறந்து வெக்கச் சொல்லு கண்ணு. அவருக்கு அடைச்சுக் கெடந்தா ஆகாது."

வினிதா அதை அப்படியே மனிஷாவிடம் சொன்னாள். போனில் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. பிறகு மார்க்கெட் தெருவின் ஹாரன் சத்தமும் யாரோ பூ விற்கும் குரலும் வந்தன. தேவம்மா கை நீட்டிப் போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள்.