ப்ராஷினா போன வழி

ஸ்டானா விடோவிச்சின் பூனை ஒரு நாளும் கதவு வழியாக வந்ததில்லை. பாறை வழியாகவே வந்தது, பாறை வழியாகவே போனது. ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் ஓபல் தோண்டுகிற ஊரான கூபர் பீடியில் வெயிலுக்கு அஞ்சிப் பாதி ஊர் குன்றைக் குடைந்து உள்ளே குடியிருப்பதால், எங்கள் எல்லோர் வீட்டுக்கும் நாலு பக்கமும் பாறைதான் சுவர். ஆகவே அந்தப் பூனை நினைத்தால் யார் வீட்டுக்குள்ளும் நுழையலாம், நுழையவும் செய்தது. அடுத்த வீட்டு மாரீன் குளித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் குளியலறைச் சுவரிலிருந்து முதலில் மீசையும், பின்னால் தலையும், கடைசியாக வாலும் வெளியே வந்தன. மாரீன் சோப்பு நுரையோடு ஒதுங்கி நின்று அதற்கு வழி விட்டாள். அது எதிர்ச் சுவருக்குள் போனது. மாரீன் மீதிக் குளியலை முடித்துவிட்டுக் கடை திறக்கப் போனாள். வாடிக்கையாளர்களிடம் அன்று அவள் சொன்ன செய்திகளில் இது இரண்டாவது. முதலாவது, அடிலெய்டிலிருந்து தக்காளி வரவில்லை என்பது.

பூனை ஊருக்கு வந்த விதத்தில் அதிசயம் ஒன்றும் கிடையாது. வடக்கே போகிற சுற்றுலாக்காரர்கள் கேரவன் பார்க்கில் ஓரிரு நாள் தங்குவார்கள். கிளம்பும்போது சிலர் பூனையை மறந்துவிடுவார்கள், அல்லது மறந்தது போல இருந்துவிடுவார்கள். அப்படி விடப்பட்ட ஒன்று கைவிட்ட சுரங்கக் குழி ஒன்றுக்குள் விழுந்துவிட்டது. ஸ்டானா ஓய்வு நாட்களில் பழைய மண்மேடுகளைக் கிளறி, மற்றவர்கள் கண்ணுக்குத் தப்பிய ஓபல் ரத்தினத் துணுக்குகளைப் பொறுக்குவாள். அங்கேதான் அந்தச் சத்தம் கேட்டது. அவளுடைய புருஷன் ஒரு மதியம் அடிலெய்டு பஸ்ஸில் ஏறிப் போனவன்தான், திரும்பவில்லை. அப்போது அவள் போய் யாரையும் தேடவில்லை. ஆனால் இந்தச் சத்தத்தை விட்டுவிட்டு அவளால் வீட்டுக்குப் போக முடியவில்லை. தன்னோடு கூட்டாகச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த கிரேக்கன் தனாசிஸைப் போய் இழுத்து வந்தாள்.

"அது நாளைக்குள்ள அடங்கிடும்," என்றான் தனாசிஸ், குழிக்குள் எட்டிப் பார்த்து.

"அடங்கினா எனக்குக் கேக்காது. இப்பக் கேக்குதே."

"ஒரு பூனைக்காகச் செத்த குழியில இறங்குவாளா ஒருத்தி? கயிறு அறுந்துச்சுன்னா உன்னை அள்ளிட்டு வர நான் இறங்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

"நீ இறங்க வேண்டாம்யா. வின்ச்ச ஒழுங்காப் பிடி, போதும். சிகரெட்ட அப்புறம் பிடிச்சுக்கலாம்."

வின்ச்சின் கயிற்றில் தொங்கிய வாளியில் ஒரு காலை வைத்து அவள் இறங்கினாள். கைவிட்ட குழியின் காற்றும் கெட்டது, பக்கச் சுவரும் கெட்டது. ஊரில் யாரும் செய்யாத காரியம் அது. மேலே வந்தபோது சட்டைக்குள் பூனை இருந்தது, கழுத்திலிருந்து காதுவரை நகக்கீறல் இருந்தது. தனாசிஸ் பூனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதைவிட நல்ல துடைப்பத்தை நான் குப்பையில போட்டிருக்கேன்," என்றான்.

ஸ்டானா கரண்டியால் தண்ணீர் புகட்டினாள். பூனை குடித்துவிட்டு அவள் பாதத்தின் மேல் ஏறிப் படுத்துத் தூங்கியது. அது விழிக்கும்வரை அவள் எழுந்திருக்கவில்லை. அடுப்பில் வைத்த மிளகாய் கருகிப்போனது. எவ்வளவு துடைத்தாலும் ரோமத்திலிருந்து வெள்ளைத் தூசி உதிர்ந்துகொண்டே இருந்ததால் ப்ராஷினா என்று பெயர் வைத்தாள். அவளுடைய செர்பிய மொழியில் அதற்குத் தூசி என்று பொருள். மறுநாள் கதவைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனவள் திரும்பி வந்தபோது பூட்டு பூட்டியபடி இருக்க, பூனை உள்ளே இல்லை. அழப்போன நேரத்தில் சமையலறைச் சுவரிலிருந்து அது வெளியே வந்து சோம்பல் முறித்தது. வழியே இல்லாத இடத்தில் அத்தனை நேரம் கிடந்ததில் அதற்கு ஏதோ பிடிபட்டிருக்கிறது என்று ஸ்டானா சொன்னாள். அதற்கு மேல் ஊரில் யாரும் விளக்கம் கேட்கவில்லை. பாறைக்குள்ளிருந்து வரும்போது அதன் உடம்பு பானைத் தண்ணீர் போலக் குளிர்ந்திருக்கும். கோடை உச்சத்தில் இருக்கும் ஜனவரி மாதங்களில் காய்ச்சல்காரர்கள் வீட்டிலிருந்து அதை இரவல் கேட்டு ஆள் வரும். ஸ்டானா பூனையிடம் கேட்டுவிட்டுத்தான் கொடுப்பாள்.

ப்ராஷினாவுக்குப் பின் கேரவன் பார்க்கில் விடப்பட்ட மற்றப் பூனைகளும் ஒவ்வொன்றாக ஸ்டானா வீட்டுக்கு வந்தன. அவையெல்லாம் கதவு வழியாகப் போகிற சாதாரணப் பூனைகள். எங்கள் ஊரில் அறை வேண்டுமென்றால் குடைந்துகொள்ள வேண்டியதுதான், அவளும் குடைந்தாள். இடம் போதாதபோது எங்களிடம் தள்ளிவிட்டாள். என் வீட்டுக்கு வந்தது இரண்டு நிறக் கண் கொண்ட ஒரு பெண் பூனை. பூனை வேண்டாம் என்றவர்கள், ஒரு வாரம் பார்த்துக்கொள் என்று அவள் விட்டுவிட்டுப் போனதைத் திருப்பிக் கொடுக்க மறுத்தார்கள். ஓபல் கிடைக்காத வருடங்களில் எங்கள் ஊரில் சண்டை அதிகம் வரும். பூனைகள் வந்தபின் வரவில்லை. மடியில் பூனை இருக்கும்போது எழுந்து போய் அடிக்க முடியாது என்பது காரணமாக இருக்கலாம்.

தனாசிஸ் மட்டும் ஏற்கவில்லை. அவனுக்கு நியாயமான குறை ஒன்று இருந்தது. சுரங்கத்தில் அவன் வெடி வைக்கத் துளை போட்டு, மருந்து திணித்து, திரியைக் கையில் எடுக்கும் நேரத்தில் அந்தச் சுவரிலிருந்தே ப்ராஷினா வெளியே வரும். ஆகவே பூனை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் வெடி கூடாது என்று ஸ்டானா சொல்லிவிட்டாள். அவள் வீட்டுக்குப் போய்த் தேடுவாள். அது மாரீன் வீட்டில் இருக்கும், அல்லது தேவாலயத்தில். ஒரு நாள் பொழுது அதிலேயே போய்விடும்.

"நான் கூட்டுச் சேந்தது உன்கூடவா, உன் பூனைகூடவா?" என்று கேட்டான் ஒரு நாள்.

"அது உன்னைவிடச் சீக்கிரம் வேலைக்கு வருது."

"அப்ப அதையே வெச்சுத் தோண்டிக்க, மகராசி."

பதினொரு வருடக் கூட்டு அதோடு முறிந்தது. அவன் தனியாக வேறு இடத்தில் தோண்டப் போனான். ஓபல் தேடுகிறவன் தான் தோண்டும் இடத்தைக் கட்டிய மனைவியிடமும் சொல்ல மாட்டான். தனாசிஸ் இன்னும் ஒரு படி மேலே போய், தன் வண்டியை ஊருக்கு வெளியே குழிகள் நிறைந்த ஒரு சுரங்கத் திடலில் நிறுத்திவிட்டு, யாரும் பார்க்காமல் நடந்து வேறு பக்கம் போய்த் தோண்டினான். அதனால்தான் ஒரு கோடையில் அவனைச் சில நாட்களாகக் காணவில்லை என்று தெரிந்து ஊரே தேடக் கிளம்பியபோது, ஆட்கள் அத்தனை பேரும் வண்டி நின்ற இடத்தைச் சுற்றியே குழி குழியாகக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அங்கே அவன் இல்லை.

ஸ்டானாவும் அவர்களோடு போய்த் தொண்டை கட்டும்வரை கூப்பிட்டாள். வீட்டுக்கு வந்தால் இன்னொரு கவலை. தண்ணீரைக் கண்டாலே ஓடுகிற ப்ராஷினா, பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குள் இறங்கி உட்கார்ந்திருந்தது. நன்றாக நனைந்ததும் எழுந்து, சொட்டச் சொட்டச் சுவருக்குள் போனது. உலர்ந்த உடம்போடு திரும்பி வந்து மறுபடி தொட்டியில் இறங்கியது. அதற்குப் புத்தி கலங்கிவிட்டதென்று நினைத்து அவள் மடியில் போட்டுத் துவட்டினாள். அது துண்டிலிருந்து வழுக்கிக்கொண்டு தண்ணீருக்கே போனது. அடுத்த முறை வந்தபோது அதன் கழுத்தில் கட்டம் போட்ட சட்டைத் துணி ஒன்று கட்டியிருந்தது. வெடித் திரியைக் கட்டத் தனாசிஸ் போடும் அந்த முடிச்சை ஸ்டானா பதினொரு வருடம் அவிழ்த்துப் பழகியவள்.

மாரீனை அவள் கூப்பிட்ட சத்தம் தெருவெல்லாம் கேட்டது. நூல் வேண்டும் என்றாள், எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவும். பூனை வளர்க்கிற வீட்டில் நூல் உருண்டைக்குப் பஞ்சமில்லை. ஊரில் அப்போது பூனை இல்லாத வீடும் அதிகமில்லை. சிலர் உருண்டையும் போதாதென்று பெட்டியில் கிடந்த ஸ்வெட்டரைப் பிரித்தார்கள். நான் பச்சை உருண்டை ஒன்று கொடுத்தேன். என் பூனை வாசல்வரை அதன் பின்னால் வந்தது. எல்லாவற்றையும் முடிந்து, ஒரு முனையை ப்ராஷினாவின் கழுத்தில் தளர்வாகக் கட்டினாள் ஸ்டானா.

"போம்மா. அந்தக் கிறுக்கன்கிட்டப் போ," என்றாள்.

பூனை நனைந்த உடம்போடு சுவருக்குள் இறங்கியது. நூல் பின்னாலேயே ஓடியது. சிவப்பு போனது, மஞ்சள் போனது, என் பச்சை போனது, மாரீன் கணவனின் கால்பந்துக் குழு ஸ்வெட்டர் போனது. நாங்கள் முடிந்துகொண்டே இருந்தோம். ஓரிடத்தில் நின்றது. பிறகு நூல் விறைத்தது.

"இழுக்கிறான்," என்றாள் ஸ்டானா.

"பூனை இழுக்குதோ என்னவோ," என்றாள் மாரீன்.

"பூனை இழுத்தா விளையாட்டா இழுக்கும். இது திட்டற மாதிரி இழுக்குது."

நூல் பாறைக்குள் நேர்கோடாக நின்றதால் திசை பார்ப்பது எளிதாக இருந்தது. திசைகாட்டி வைத்து, சரிவையும் நூலின் நீளத்தையும் கணக்குப் பண்ணி, குன்றின் மேல் நடந்து போய் ஓரிடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். ஸ்டானா வீட்டுக்குப் பின்புறம், கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். துளை போடும் லாரி வந்து துளையை இறக்கியபோது தனாசிஸின் முழங்கைக்கு மிக அருகில் வெளிச்சம் விழுந்தது. கால்மேல் பாறை விழுந்து கிடந்தான். தூக்கி மேலே கொண்டுவந்ததும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஸ்டானாவைத் தேடினான்.

"ஏன் இவ்ளோ நேரம்?"

"நூல் தீந்துபோச்சு," என்றாள் அவள். சொல்லிவிட்டு அழுதாள். பூனை அங்கே இல்லை. தன் வழியில் வீடு திரும்பி, ரொட்டிக் கூடையில் தூங்கிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் அவன் சொன்னான்: இருட்டில் நெஞ்சின் மேல் ஏதோ வந்து உட்கார்ந்தது. முதலில் சாவு என்று நினைத்தானாம். அது குறுகுறுவென்று சத்தம் போட்டதும் பூனை என்று தெரிந்து வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினானாம். அது போய்விட்டது. திரும்பி வந்தபோது நனைந்திருந்தது. அந்த ரோமத்தை வாயில் வைத்து உறிஞ்சித்தான் உயிரைப் பிடித்து வைத்திருந்தான். அவன் குடித்து முடிக்கும்வரை அசையாமல் இருக்கும், முடித்ததும் மறுபடி போகும்.

"சோப்பு நாத்தம்," என்றான். "பாத்திரம் கழுவின தண்ணி."

"தெரிஞ்சிருந்தா நல்ல தண்ணி வெச்சிருப்பேன்."

ஊன்றுகோல் ஊன்றி நடக்க ஆரம்பித்ததும் அவன் முதலில் வந்த இடம் ஸ்டானாவின் வீடு. தலை வாரியிருந்தான். ஈஸ்டருக்கு மட்டும் போடுகிற சட்டையைப் போட்டிருந்தான். கையில் மத்தி மீன் டின்.

"நன்றி சொல்ல வந்தேன்," என்றான்.

"பரவாயில்ல, உக்காரு."

"உனக்கில்ல. அதுக்கு. நீ கொஞ்சம் வெளிய இரு."

ஸ்டானா வெளியே போய் நின்றாள். உள்ளே அவன் வெகுநேரம் தாழ்ந்த குரலில் கிரேக்கத்தில் பேசுவது கேட்டது. என்ன சொன்னான் என்று அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. போகிற வழியில் கேரவன் பார்க்குக்குப் போய், அங்கே சுற்றிக்கொண்டிருந்த ஒற்றைக் கண் கடுவனைக் கோட்டுக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனான். கூட்டுச் சுரங்கம் மறுபடி நடந்தது. வெடி வைக்கும் முன் பூனையைத் தேடி வீடு வீடாக நொண்டிக்கொண்டு போகிற வேலையை அதன்பின் அவனே எடுத்துக்கொண்டான்.

வருடங்கள் போயின. ஓபல் கொஞ்சம் கிடைத்தது, கொஞ்சம் கிடைக்கவில்லை. பாறைக்குள் போன நூலை உருவ முடியவில்லை. வெளியே நீட்டிக்கொண்டிருந்த முனையில் ஸ்டானா கரித்துணி தொங்கவிட்டாள். ப்ராஷினாவுக்கு வயதாகிக் காது போனது. நடை மெதுவாகி, ஒரு சுவரைக் கடக்க அரை நாள் ஆனது. பாதி உடம்பு உள்ளேயும் பாதி வெளியேயும் நிற்கும். நாங்கள் போகிறபோக்கில் வெளியே இருக்கிற பாதியைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போவோம்.

ஒரு மதியம் உள்ளே போனது சாப்பாட்டு நேரத்துக்கு வரவில்லை. தனாசிஸ் காபிக்கு வந்திருந்தான். ஸ்டானா சுவருக்கு முன்னால் நின்று கூப்பிட்டாள்.

"அதுக்குத்தான் காது கேக்காதே."

"தெரியும்."

சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு பாறைக்குள் கையை விட்டாள். முழங்கைவரை போனது. தோள்வரை போனது. அங்குமிங்கும் துழாவினாள். "எட்டல," என்றாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பக்கவாட்டில் திரும்பி உள்ளே போனாள்.

தனாசிஸ் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காபி பொங்கி வந்தது. எழுந்து போய் அடுப்பைத் தணித்தான். இரண்டு கோப்பை கழுவி வைத்தான். அலமாரிக்குப் பக்கத்துச் சுவரிலிருந்து அவள் வெளியே வந்தபோது தலையெல்லாம் வெள்ளைத் தூசி, ஏப்ரனுக்குள் பூனை.

"எங்க இருந்துச்சு?"

"பாதி வழியில தூங்கிட்டா."

"உள்ள எப்படி இருக்கு?"

அவள் தலைத் தூசியைத் தட்டினாள். "குளுகுளுன்னு இருக்கு. காபி ஊத்து."

அவன் ஊற்றினான். பூனைக்கும் ஒரு கிண்ணத்தில் பால் வைத்தான்.

அந்தக் கோடை கடுமையான கோடை. பகலில் வெளியே தலைகாட்ட முடியவில்லை. மாரீனின் கடையும் குன்றைக் குடைந்ததுதான் என்பதால், ரொட்டியும் மத்தி மீனும் வாங்க ஸ்டானா பூனையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்வழியாகவே வரத் தொடங்கினாள். முதல் தடவை டின்கள் உருண்டு விழுந்தன. மாரீன் அந்தப் பக்கத்து அலமாரியை நகர்த்தி, பாறைக்குக் கீழே ஒரு கால்மிதியடி வாங்கிப் போட்டாள். தூசியைத் தட்டிவிட்டு வா என்று மட்டும் சொல்வாள்.