கவிஞருக்குக் கிடைத்த வரி

ஒத்திகை அறையின் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருந்தது. சத்தம் வெளியே போகக் கூடாதாம். கடையில் சும்மா கொடுத்த அட்டைகளைத் துடைக்காமல் ஒட்டியதில், எதிலோ உடைந்த முட்டை காய்ந்துபோய் மூன்று வருஷமாக நாறிக்கொண்டிருந்தது. எந்த அட்டை என்று தேடிப் பார்க்க நால்வரில் ஒருவருக்கும் உடம்பு வணங்கவில்லை. புரட்சி செய்கிறவர்களுக்குத் துடைப்பம் பிடிக்க நேரம் ஏது?

அவள் அந்தக் குழுவில் சாக்ஸபோன் ஊதுகிறவள். மற்ற நாட்களில் கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பாள். பல் டாக்டர் ஒருவர் பேஸ் கிட்டாரில் நாலே சுரங்களை ஆணி அடிப்பது போல அடிப்பார். டிரம்ஸ் அடிப்பவனுக்கு இடி என்று பெயர். அவன் காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் உட்காருவான். அவனுடைய சொந்த அண்ணன்தான் கவிஞர். கவிஞர் பாட மாட்டார், கவிதையைக் கத்துவார். அதற்கு மேல் இவள் மெட்டும் கட்டுப்பாடும் இல்லாமல் மனம்போன போக்கில் ஊத வேண்டும். கவிஞரின் மனைவி ஒரு தடவை வந்து கேட்டுவிட்டு, "யாரையாவது அடிச்சிட்டாங்களா?" என்று விசாரித்தாள்.

குழுவுக்கு ஒரு சட்டம் உண்டு. கூரையிலிருந்து ஒரே ஒரு மைக் தொங்கும். நாலு பேர் சத்தமும் அதில்தான் விழும். விழுந்ததைப் பிரிக்கக் கூடாது, திருத்தக் கூடாது. சட்டம் போட்டவர் கவிஞரே.

போன மாதம் ஒரு மதியம், சாக்ஸபோனின் ஊதுவாயைக் கழுவிக்கொண்டிருந்தபோது, யாரிடமும் சொல்லாததை அவள் அவரிடம் சொல்லித் தொலைத்தாள். அவள் தம்பி சாகும் முன் கடைசி வாரம் ஆஸ்பத்திரியில், முதுகெல்லாம் புண்ணாகிக் கிடந்தான். ஒரு நாள், "அக்கா, என்மேல நாத்தம் அடிக்குதா?" என்று கேட்டான். நிற்க முடியாத நாற்றம். "அதெல்லாம் ஒண்ணுமில்லடா" என்று சொல்லி அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். கவிஞர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனுஷன் உருகுகிறார் என்றுதான் நினைத்தாள்.

அடுத்த வாரம் ஒத்திகையில் கத்துகிறார்: "அண்ணே, என்மேல நாத்தம் அடிக்குதா?" அக்காவை அண்ணன் ஆக்கிவிட்டிருந்தார். அதே இடத்தில் குரல் உடைந்தது. மறுநாளும் அதே இடத்தில், அதே அளவுக்கு உடைந்தது. சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று அவளுக்கு வாயெல்லாம் கசந்தது.

"அந்த வரி வேண்டாம். அது என் தம்பி பேசினது" என்றாள்.

"சொன்னதோட உன் வேலை முடிஞ்சுதும்மா. இனிமே அது கலையோடது" என்றார் கவிஞர், எச்சில் தொட்டு நோட்டைப் புரட்டியபடி.

மற்ற இருவரிடம் முறையிட வேண்டுமானால் அந்த வார்த்தைகளை இன்னொரு முறை வாயால் சொல்ல வேண்டும். அது அவளால் முடியாது.

ஆகவே ஒலிப்பதிவு நாளில் அவள் ஒரு முடிவோடு வந்தாள். ஒரே மைக்தானே. அந்த வரி வரும்போது மைக்குக்கு நேர் கீழே போய் நின்று, நெஞ்சு வெடிக்கும்படி ஊதினாள். ஊதுவாயின் ஓரத்தில் எச்சில் வழிந்தது, அடிவயிறு பிடித்துக்கொண்டது. அவள் நிறுத்தவில்லை.

போட்டுக் கேட்டார்கள். கவிஞர் குரல் இருந்த சுவடே இல்லை. அவள் மூச்சுவிட்டாள்.

கவிஞர் சிரித்தார். சட்டைக் காலருக்கு அடியிலிருந்து ஒரு குட்டி மைக்கை உருவினார். "நீ இப்படி ஏதாவது செய்வேன்னு தெரியும். இதைப் போடுங்க சார்."

ஒலிப்பதிவுக்காரர் போட்டார். அவள் தம்பியின் வார்த்தைகள், ஒவ்வொன்றும் சுத்தமாக, இன்னொருத்தர் வாயிலிருந்து வந்தன. அவள் உயிரைக் கொடுத்து ஊதியது எங்கோ தூரத்தில் கேட்டது.

"பின்னாடி சாக்ஸ் அழுற மாதிரி நல்லாத்தான் இருக்கு" என்றார் ஒலிப்பதிவுக்காரர்.

இடி காதுப் பஞ்சை எடுத்திருந்தான். இன்றைக்குத்தான் அவனுக்கு வார்த்தை கேட்டது.

"இது யாரோட தம்பி?"

"கவிதைல வர்ற தம்பிடா."

"உனக்கு இருக்கிறது ஒரே தம்பி. அவன் குத்துக்கல்லாட்டம் இங்க உட்கார்ந்திருக்கான்."

"என் தம்பி" என்றாள் அவள்.

இடி அவளைப் பார்த்தான். அப்புறம் அண்ணனைப் பார்த்தான். "எனக்குக் கால்ல சீழ் வெச்சு பதினாறு நாள் கிடந்தேனே, எத்தனை தடவை வந்த? ஒரே தடவை. அதுவும் கர்ச்சீப்பை மூக்குல அமுக்கிக்கிட்டு வாசல்லயே நின்ன. உள்ள வரல. நாத்தம் அடிக்குதான்னு உன்கிட்ட கேக்க வேண்டிய அவசியமே வரல."

பல் டாக்டர் காரணமில்லாமல் வயரைச் சுருட்டினார். கவிஞர் தலை குனிந்தது. வெட்கம் வந்துவிட்டதோ என்று அவளே ஒரு கணம் நம்பினாள்.

குனிந்தது நோட்டுக்காக. விரலில் எச்சில் தொட்டு வெள்ளைப் பக்கம் தேடி, வேகவேகமாக எழுதினார். "கர்ச்சீப்பை மூக்குல அமுக்கிக்கிட்டு... அடுத்து என்ன சொன்ன? இன்னொரு தடவை சொல்லு."

இடி டிரம்ஸ் குச்சிகளைத் தரையில் வைத்தான்.

"அந்தப் பழைய வரியை அழிச்சிடுங்க சார்" என்றார் கவிஞர், நிமிராமலே. "அவளுக்கும் திருப்தியா இருக்கும். இது அதைவிட நல்லா இருக்கு."

ஒலிப்பதிவுக்காரர் அவளைக் கேட்டார். அவள் தலையாட்டினாள். அழித்தார். அவள் கேட்டது கிடைத்துவிட்டது, இத்தனை லேசாக. சாக்ஸபோனைக் கவிழ்த்து உள்ளே தேங்கிய எச்சிலைக் கம்பளத்திலேயே வடித்தாள். இத்தனை நாளும் அதற்கென்று துணி கொண்டுவருகிறவள்.

மூன்று வருஷமாக அவனை இடி என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். இப்போது போய் அவன் தோளில் கை வைத்தாள்.

"எழுந்திரு தம்பி, போலாம்."

இருவரும் படி இறங்கினார்கள். மேலே கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"டேய், அந்தக் கர்ச்சீப் என்ன கலர்னு மட்டும் சொல்லிட்டுப் போடா."