இறக்கையில் அகலப் பட்டை

கணவர் தான் முதலில் கட்டிய ரிமோட் விமானத்தின் இறக்கைக்கு அடியில் விரல் அகலத்தில் ஒரு கறுப்புப் பட்டை போதும் என்றார். அடுத்ததற்கு உள்ளங்கை அகலம் கேட்டார். இப்போது கட்டி முடித்த பெரிய விமானத்துக்கு மேல்பக்கம் முழுக்க மஞ்சள், அடிப்பக்கம் முழுக்கக் கறுப்பு, நடுவில் முழ அகலத்துக்கு ஆரஞ்சு என்று கேட்டபோது தையல்காரி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

இறக்கைக்கு உறை போடுவது அவள் வேலை. லேசான மரச் சட்டத்தின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து, சின்ன இஸ்திரிப்பெட்டியால் ஓரங்களை ஒட்டிச் சூடு காட்டினால், தாள் சுருங்கி விறைப்பாக இழுத்துக்கொள்ளும். கல்யாணமான புதிதில், "மனுஷன் மரக்குச்சியோட குடும்பம் நடத்துறார்" என்று அம்மாவிடம் புலம்பியவள் அவள்தான். புலம்பிப் புலம்பியே உறை போடக் கற்றுக்கொண்டாள். உறை போட்டுப் போட்டே ரிமோட்டைப் பிடிக்கவும் கற்றுக்கொண்டாள். இப்போது யாராவது அந்த விமானங்களைப் பொம்மை என்று சொன்னால் அவளுக்குத்தான் முதலில் சுருக்கென்று கோபம் வரும்.

"எதுக்குங்க இவ்வளவு பளிச்சுன்னு? எனக்கே கண்ணு கூசுது."

"வெயில்ல நல்லாத் தெரியணும்ல."

"போன வருஷம் வெயிலே அடிக்கலையா?"

அவர் பிடி கொடுக்காமல், ஸ்க்ரூ ஒன்றை மேஜையில் தேட ஆரம்பித்தார். ஸ்க்ரூ அவர் கைக்கு நேர் எதிரே கிடந்தது. தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, கோழி பார்ப்பதுபோல் ஓரக்கண்ணால் பார்த்துத்தான் எடுத்தார்.

அவருக்கு வேலை பள்ளிக்கூட வேன் ஓட்டுவது. தெருப் பிள்ளைகள் எல்லாம் அவரை 'வேன் மாமா' என்றுதான் கூப்பிடும். ஒரு பிள்ளை கொஞ்சம் தாமதமாக வந்தாலும் திட்டாமல் ஹாரனை மட்டும் செல்லமாக அடிக்கிற மாமா. அந்த மாமா இரண்டு வாரத்துக்கு முன் பள்ளிக்கூட கேட்டில் வேனின் பக்கக் கண்ணாடியைப் பெயர்த்துவிட்டு, கேட்டை யாரோ நகர்த்தி வைத்துவிட்டார்கள் என்று சாதித்தார். இரும்பு கேட் எங்கே நகரும்? அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம். அதற்குப் பிறகு தினமும் காலையில் வேன் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றாள். சாயங்காலம் வேன் சத்தம் கேட்கும்வரை தையல் கடையில் ஊசி நேராக ஓடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை புது விமானத்தை முதன்முதலாகப் பறக்கவிடும் நாள். அவள் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுவைத்தாள். விமானத்தை அவர் ஒழுங்காக இறக்கிவிட்டால், எல்லாம் தன் வீண் சந்தேகம். இறக்க முடியாவிட்டால், இன்றைக்கே வாயைத் திறந்துவிட வேண்டும். ஏனென்றால் திங்கட்கிழமை காலையில் பிள்ளைகள் வேனுக்காகக் காத்திருப்பார்கள்.

மைதானம் என்பது பாதி கட்டிக் கைவிட்ட ஒரு தொழிற்சாலையின் பின்புறக் காலி இடம். ஓரத்தில் ஒரு தார்ப்பாய்ப் பந்தல். அதன் கீழ் பல் டாக்டரும், அவரைப் போல ஞாயிற்றுக்கிழமை மட்டும் விமானியாகிற நாலைந்து பேரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"கேப்டன் வந்தாச்சு, கட்டிடத்தையெல்லாம் நகர்த்தி வைங்கப்பா" என்றார் பல் டாக்டர். கேட் விஷயம் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அவளால்தான் முடியவில்லை.

பழக்குவதற்கென்று இரண்டு ரிமோட்டுகளை ஒரு வயரால் இணைப்பது உண்டு. பெரிய ரிமோட்டை வைத்திருப்பவர் அதன் தோளிலுள்ள விசையை விரலால் இழுத்துப் பிடித்திருக்கும்வரை, விமானம் மற்றவர் கையில். விரலை எடுத்த நொடியில் விமானம் இவர் கைக்கு வந்துவிடும். அவளுக்குப் பழக்கியபோது பெரியது எப்போதும் அவரிடம்தான் இருந்தது. இன்று அதை அவளிடம் நீட்டினார்.

"இத நீ வச்சுக்க. இதோட திரையில எழுத்து எறும்பு மாதிரி இருக்கு. எனக்குப் பழசுதான் கைக்குப் பழக்கம்."

"ஓட்டப்போறது நீங்கதானே?"

"நான்தான். நீ சும்மா விசையைப் பிடிச்சுட்டு நில்லு."

விமானம் சரளைமேல் ஓடி எழும்பியது. எழும்பியது அழகாகத்தான் எழும்பியது. பழகிய கை, சத்தத்தை வைத்தே வேகத்தைக் கூட்டியது. அவளும் அவருடைய ரிமோட்டில் வேகத்துக்கான இடது குச்சி நகர்கிற அளவுக்குத் தன்னுடையதையும் நகர்த்திக்கொண்டே வந்தாள். திடீரென்று கை மாற நேர்ந்தால் வேகம் மாறிவிடக் கூடாது. அதுவும் அவர் சொல்லிக் கொடுத்ததுதான்.

தூரத்தில் போனதும் விமானம் ஒரு புள்ளி. அது வருகிறதா போகிறதா என்று அடிப்பக்க நிறத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நம்மைப் பார்த்து வரும்போது அதன் இடது நமக்கு வலது. அங்கேதான் எல்லோரும் தடுமாறுவார்கள். அவர் இத்தனை வருஷத்தில் ஒருநாளும் தடுமாறியதில்லை.

முதல் திருப்பம் சரியாக வந்தது. அவள் மூச்சு விட்டாள். இரண்டாவது திருப்பத்தில் ஆரஞ்சுப் பட்டை பளிச்சென்று தெரிந்தது, விமானம் மூக்கை இறக்கிக்கொண்டு திரும்பி வந்தது. ஓடுபாதையை நோக்கி அல்ல, பந்தலை நோக்கி.

இப்போது திருப்புவார் என்று பார்த்தாள். திருப்பவில்லை. இப்போது, இப்போது என்று பார்த்தாள். விமானம் கோடு போட்டதுபோல் நேராக வந்துகொண்டே இருந்தது. பந்தலில் பல் டாக்டர் பிளாஸ்க்கைத் திறந்துகொண்டிருந்தார், அவர் முதுகு விமானத்துக்கு. கத்தலாமா, அவர் முகத்தைப் பார்க்கலாமா என்று யோசிக்கும்போதே விரல் விசையை விட்டுவிட்டது.

வலது குச்சியைச் சாய்த்து இழுத்தாள். ஆரஞ்சு சாய்ந்தது, பந்தலின் தார்ப்பாய் படபடத்தது, விமானம் மேலே ஏறித் தாண்டிப் போனது. ஒரு சுற்றுச் சுற்றி அவளே கொண்டுவந்து இறக்கினாள். சக்கரம் இரண்டு தரம் துள்ளி நின்றது.

"தலைக்கு மேல வந்து பயமுறுத்திட்டு என்ன அழகா இறக்கினார் பாருங்க. கேப்டன் கேப்டன்தான்" என்று பந்தலிலிருந்து கை தட்டினார்கள். அவர் கையை உயர்த்தி அதை வாங்கிக்கொண்டார். அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அதைவிடப் பெரிதாகப் பயம் வந்தது. தான் இறக்கியதை இந்த மனுஷன் தன் சாமர்த்தியமாகவே நினைத்துக்கொண்டிருக்கிறாரா? அப்படியானால் இனி யார் சொல்லி என்ன கேட்கப்போகிறார்?

விமானத்தைப் பின்னால் ஏற்றிவிட்டு இருவரும் வேனில் உட்கார்ந்தார்கள். அவர் சாவியைக் கையில் வைத்திருந்தார், போடவில்லை.

"ஏங்க..." என்று ஆரம்பித்தாள்.

"எப்போ விரலை எடுத்த?"

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "பந்தல் கிட்ட வந்தப்போ."

"அவ்வளவு நேரம் கழிச்சா?" அவர் குரல் இறங்கிவிட்டது. "நான் திருப்பத்துலயே கட்டைவிரலைத் தூக்கிட்டேன். எது மேல எது கீழன்னு தெரியலை. தப்பா ஒடிச்சுடுவேனோன்னு விட்டுட்டேன். நீ எடுத்துக்கிட்டிருப்பன்னு நினைச்சேன்."

"அப்போ நடுவுல?"

திருப்பத்திலிருந்து பந்தல்வரை அந்த விமானத்தை யாருமே ஓட்டவில்லை. பெரிய ரிமோட்டை ஏன் தன் கையில் கொடுத்தார் என்பதும் அப்போதுதான் புரிந்தது.

"நேராப் பார்த்தா நடுவுல புகை மாதிரி இருக்கு" என்றார். "ஓரமா தெரியுது. கண் டாக்டர்கிட்ட போனா வேலை போயிடும்னு... ரோடு மனப்பாடம்தானே, சமாளிச்சுடலாம்னு நினைச்சேன்."

"என்கிட்ட விசை இருந்துச்சு" என்றாள். அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். "நாளைக்கு வேன்ல உங்க பக்கத்துல யாருங்க விசையைப் பிடிச்சுக்கிட்டு இருப்பா?"

பின் சீட்டில் எந்தப் பிள்ளையோ மறந்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டில் ஒன்று கிடந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வெகுநேரம் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, சாவியை எடுத்து அவள் மடியில் வைத்தார்.

"எனக்கு ஓட்டத் தெரியாதே."

"தெரியாதுன்னு தெரியும். அதான் உன்கிட்ட தரேன்."

பல் டாக்டர் காரில் கொண்டுபோய் விடுவார், கேட்டுக்கொள்ளலாம். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் எண்ணைத் தேடித் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தார். கிடைக்கவில்லை. போனை அவளிடம் நீட்டினார்.

அவள் எண்ணைத் தேடிப் போட்டாள். மறுமுனையில் மணி அடிக்க ஆரம்பித்ததும், போனை அவர் கையிலேயே திரும்ப வைத்து, விரல்களை மூடினாள்.

"நீங்களே சொல்லுங்க" என்றாள்.