மண்ணூரிலிருந்து போன புள்ளி

2025 மார்ச் 16, ஞாயிற்றுக்கிழமை, காலை. பாம்பனில் காணாமற்போன டெனிசன் என்னும் மீனவனை இக்கணம் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அந்த இடத்தைக் குறித்துக் கொடுத்தது, அங்கிருந்து பல நூறு கல் வடக்கே மண்ணூரில் உள்ள என் வீட்டு மாடி. இதுவே என் முறையீடு.

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். மாடி அறைகளை ஒரகடத்து ஆலைகளில் வேலைசெய்யும் பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். அவர்களுள் ஒருத்தி ஷாலின், டெனிசனின் தங்கை. வெள்ளிக்கிழமை மாலை டெனிசனின் நாட்டுப்படகில் இயந்திரம் நின்றுபோயிற்று. நங்கூரக் கயிறும் அறுந்தது. பாம்பன் கால்வாயில் தெற்கே பாய்ந்துகொண்டிருந்த நீர் அவனை மன்னார் வளைகுடாவுக்குள் இழுத்துச் சென்றதைக் கரையில் நின்றவர்கள் கண்டிருக்கிறார்கள். தேடப் போன படகுகள் இருட்டியதும் வெறுமையாகத் திரும்பின.

சனிக்கிழமை காலை ஷாலினின் ஆலை மேற்பார்வையாளன் சாம்ராஜ் தண்டலத்திலிருந்து வண்டியில் வந்து இறங்கினான். நல்லவன், உதவி என்றால் முன்னால் நிற்பவன். ஆனால் எதையும் ஆலையின் கண்ணாலேயே பார்ப்பவன்.

“அழுதுகினு இருந்தா ஆவாது ஷாலினு. தண்ணி இன்னா ஸ்பீடுல ஓடுச்சுன்னு ஊர்ல கேளு. நேத்து எத்தினி மணிக்குப் போனாரு? அத்தோட பெருக்கு. அவ்ளோ தூரத்துல இருப்பாரு. சிம்பிள்.”

ஷாலின் கேட்டாள், பெருக்கினாள். கடற்கரையில் பிறந்தவள்தான். ஆயினும் ஆலையில் பொருள்களைச் சுமந்து நகரும் பட்டையின் முன்னே ஆண்டுக்கணக்காக நின்றிருக்கிறாள். அங்கே கையைவிட்டுப் போன பொருள் மீண்டும் கைக்கு வருவதில்லை. கைப்பேசி வரைபடத்தில் தெற்கே, தூத்துக்குடியையும் கடந்த ஆழ்கடலில், ஒரு புள்ளியை வைத்தாள்.

நான் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பொறுக்கவில்லை.

“போன நீர் போய்க்கொண்டேயா இருக்கும்? கடலில் ஓதம் என்று ஒன்று உண்டு. ஏறும், இறங்கும்.”

“சார், லைன்ல ஒரு பீஸ் வுட்டா நேரா பேக்கிங்குக்குத்தான் போவும். திரும்பி வருமா இன்னா?”

“கடல் உங்கள் ஆலை அன்று, தம்பி.”

“வாத்தியாரே, நீங்க போயி சந்தி பிரிங்க. கணக்க நாங்க பாத்துக்கறோம்.”

அறைத்தோழி சுகப்பிரியா அந்த நிலையிலும் சிரித்துவிட்டாள். நான் கீழே இறங்கி வந்துவிட்டேன்.

ஷாலின் அந்தப் புள்ளியைத் பாம்பனில் இருக்கும் தன் மாமன் மகன் இனியவனுக்கு அனுப்பினாள். ‘இங்க இருக்கலாம்’ என்று கீழே தனியாக ஒரு வரியும் அனுப்பினாள். இனியவன் பதற்றத்தில் புள்ளியை மட்டும் ஊராரின் கைப்பேசிக் குழுவுக்குத் தள்ளிவிட்டான். வரி அவனிடமே நின்றுவிட்டது.

இன்று காலை அவள் கோயிலுக்குப் புறப்படுகையில் தாய் சகாயமேரி அழைத்தார். பக்கத்தில் நின்ற எனக்கும் அவர் குரல் கேட்டது. அவ்வளவு உரத்த மகிழ்ச்சி.

“ஏட்டி ஷாலினு! மாதா கண்ணத் தொறந்துட்டாட்டி! அவன் போன்ல இருந்து சிக்னல் வந்துச்சாம்ல. தெக்க கெடக்கானாம். நேத்து மத்தியானமே எல்லா வள்ளமும் அங்க போயாச்சு!”

ஷாலின் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“அம்மா... அது அண்ணன் அனுப்புனது இல்லம்மா. நாங்க போட்டது. கணக்குப் பண்ணிப் போட்டது.”

மறுமுனையில் குரல் மாறியது.

“என்ன கணக்கு?”

அவள் சொன்னாள்.

“தெக்க ஓடுன தண்ணி வடக்க திரும்பாதாட்டி? நீ கடக்கரையில பொறந்தவதானா? அவன் பாம்பன் வாயிலயே போயி வந்துட்டுக் கெடப்பானேட்டி! இங்க ஒரு வள்ளம் இல்லியே!”

தாய் அலறலில் சொன்னதை நான் நிதானமாக எழுதுகிறேன். பெருங்கடலிலிருந்து வரும் ஓதம் மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் ஒரே நேரத்தில் ஏறுவதில்லை. ஒருபுறம் உயர்ந்தும் மறுபுறம் தாழ்ந்தும் இருக்கையில், இடையிலுள்ள குறுகிய வாய் வழியே நீர் பாய்கிறது. சில மணி நேரத்தில் உயரம் மாறுகிறது, பாய்ச்சலும் திரும்புகிறது. காற்று ஓய்ந்த இப்பருவத்தில், வெளியே சென்ற நீரின் பெரும்பகுதி திரும்பி வரும். வெளிநீரோடு கலந்துவிட்ட பகுதியே அங்கே தங்கும். முழுநிலவு கழிந்து இரண்டு நாளே ஆகிறது. போக்கும் வரவும் வலுவாக இருக்கும். படகு கவிழாதிருந்தால், டெனிசன் கால்வாய்க்கு அருகில் எங்கோ அலைந்துகொண்டிருக்கிறான், குடிநீர் இல்லாமல்.

சாம்ராஜுக்குச் சொன்னோம்; ஓடி வந்தான். அவனும் சுகப்பிரியாவும் இனியவனின் எண்ணை மாறி மாறி அழைக்கிறார்கள். இனியவனும் படகில் போயிருக்கிறான். தொடர்பு எல்லைக்கு வெளியே என்கிறது இயந்திரக் குரல். ஊர்க் குழுவில் ஷாலின் உண்மையை எழுதினாள். கடலில் இருப்பவர்க்கு அது போய்ச் சேரவில்லை. கரையில் இருப்பவர்களோ, ‘வதந்தி பரப்பாதே’ என்று அவளையே ஏசுகிறார்கள். புள்ளி அதற்குள் வேறு குழுக்களுக்கும், வெளியூர்களுக்கும் போய்விட்டது. வாலாஜாபாத்தில் இருக்கும் என் மைத்துனனே அதை எனக்கு அனுப்பி, ‘ஆள் கிடைத்துவிட்டானாம்’ என்று எழுதியிருக்கிறான்.

சாம்ராஜ் என் வாசற்படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

“சார், லைன நிறுத்த ஒரு பட்டன் கீது. இத்த எப்டி சார் நிறுத்தறது?”

எனக்குத் தெரிந்த வழி எழுதுவது ஒன்றே. ஷாலின் பையைத் தூக்கிக்கொண்டு பேருந்துக்குப் போய்விட்டாள். அவள் பாம்பன் சேர்வதற்குள் நீர் மீண்டும் திசை மாறிவிடும்.

ஆகவே, வாசிப்பவரே, உங்களிடம் கேட்கிறேன். அந்தப் புள்ளி உங்கள் கைப்பேசிக்கும் வந்திருந்தால், அதை அழித்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். உங்களுக்கு அனுப்பியவரை அழைத்து, அது டெனிசன் அனுப்பியது அன்று, மண்ணூரில் கணக்கிட்டு வைத்தது என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். அவருக்கு அனுப்பியவரிடம் அவரைச் சொல்லச் சொல்லுங்கள். ஆழ்கடலில் நிற்கும் படகுகளோடு வானொலியில் பேசக்கூடிய எவரையேனும் நீங்கள் அறிந்திருந்தால், முதலில் அவரை அழையுங்கள். பாம்பன் வாய்க்குத் திரும்பச் சொல்லுங்கள். அருகிலுள்ள குருசடைத் தீவைச் சுற்றியுள்ள மணல்திட்டுகளில் தேடச் சொல்லுங்கள். இதை இப்போதே செய்யுங்கள்.