புதூர் மாரிச்செல்வி இறங்க மறுத்தது

மெல்போர்னில் ஒரு சனிக்கிழமை மதியம் பந்தைப் பிடிக்க எம்பிய புதூர் மாரிச்செல்வி, நடுவர் விசில் ஊதி, தொண்டை வறண்டு, தண்ணீர் குடித்து, மறுபடி ஊதும்வரை தரைக்கு வரவில்லை. அந்த வாரம் மிளகாய் வற்றல் விலை சரிந்திருந்ததால் புதூரில் பேச்சு அதைப் பற்றித்தான் இருந்தது. அவள் எம்புவது ஊருக்குப் புதிதல்ல. கோவில்பட்டியில் ஹாக்கி ஆடிய காலத்திலேயே மட்டையோடு மேலே போய்விடுவாள். தரையில் உருளும் பந்துக்கு அது ஆகாது என்று அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். நர்சிங் படித்து, மெல்போர்னில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். இல்லத்துக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் பெண்கள் முட்டை வடிவப் பந்தை உதைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்திரேலிய ஃபுட்பால் என்றார்கள். உதைபட்டு வரும் பந்தை அந்தரத்திலேயே பிடிப்பதுதான் அதில் பெரிய மரியாதை. அதற்காக முன்னால் நிற்பவரின் தோளில் முட்டியை ஊன்றி ஏறுவதும் செல்லும். மாரிச்செல்விக்கு யார் தோளும் தேவைப்படவில்லை. அடுத்த பருவத்தில் ஒரு பெரிய கிளப் அவளைச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டது.

முதல் இரண்டு பருவமும் அவளைப் பார்க்கவே கூட்டம் வந்தது. பத்திரிகைக்காரர்கள் இது யோகாவா, தியானமா என்று கேட்டார்கள். எங்கள் ஊரில் யோகா வகுப்பே கிடையாது என்று அவள் சொன்ன பதிலை, ஒரு தாமரைப்பூப் படத்துக்குக் கீழே அச்சடித்தார்கள். பிறகு மற்ற கிளப்புகள் புகார் கொடுத்தன. வாழ்நாளில் ஒரு முழம்கூட எம்பியிராத ஆட்டச் சங்கத்தார் சிலர் குளிரூட்டிய அறையில் கூடி, எம்புகிறவர் உடனே இறங்கிவிட வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். தோளில் முட்டியை ஊன்றும் சட்டத்தில் அவர்கள் கை வைக்கவில்லை. அடுத்தவள் முதுகில் ஏறினால் அழகு, யாரையும் தொடாமல் ஏறினால் குற்றம். இதை அவள் கேட்டபோது, சிரித்த முகமாக இறங்கிவிடும்படி பயிற்சியாளர் தோளைத் தட்டிச் சொன்னார். அடுத்த ஆட்டத்தில் அவள் சட்டத்துக்குப் பயந்து, பாதி உயரத்தில் தன்னைத் தானே கீழே இழுத்தாள். கோணலாக விழுந்ததில் முழங்கால் தசைநார் அறுந்தது. அந்தச் சத்தம் மேல் வரிசைவரை கேட்டது. காலில் கட்டோடு கிடந்தவளை கிளப் மேலாளர் போனில் கூப்பிட்டு, அவளால் ஆட்டத்துக்கு ஒரு வண்ணம் கிடைத்தது என்று நன்றி சொல்லி, ஒப்பந்தம் முடிந்தது என்றார். மறுவாரம் டிக்கெட் விளம்பரத்தில் அவள் அந்தரத்தில் நிற்கும் படத்தைத்தான் போட்டார்கள்.

புதூர் பஸ் நிறுத்தத்தில் அவள் அம்மா ஆவுடைத்தாய் நின்றாள். மகள் நொண்டி இறங்குவதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

“ஏட்டி, யாராச்சும் வந்து பாத்தாவளா?”

“போன்ல பேசுனாவ.”

“போன்லயா? வெளங்காமப் போவானுக” என்று பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

கால் தேறியதும் மாரிச்செல்வி சும்மா இருக்கவில்லை. தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்த அவள் வயதுக் கற்பகமும் இன்னும் பல பெண்களும் சாயங்காலம் அவளோடு சேர்ந்து, சாமித்துரையின் தரிசில் பந்து உதைத்தார்கள். ஊரில் நிலபுலன் நிறைய உள்ள பெரிய சம்சாரி அவர். அதே தரிசின் மறுகோடியில் ஆண்கள் வருடக்கணக்காகக் கிரிக்கெட் ஆடியதற்கு ஒரு சொல் சொன்னதில்லை.

“டவுசர மாட்டிக்கிட்டு பொம்பளைக குதிக்கவா என் நெலம்? வெளிய போங்க” என்றார்.

“தரிசாத்தான கெடக்கு அண்ணாச்சி” என்றாள் கற்பகம்.

“தரிசுன்னாலும் என் தரிசு.”

மறுநாள் அவர்கள் ஆடிக்கொண்டிருக்கும்போதே டிராக்டரைக் கொண்டுவந்து இறக்கினார். கிரிக்கெட் ஆடிய பக்கத்தை விட்டுவிட்டு, கலப்பை பெண்கள் பக்கம் வந்தது. யாரும் நகரவில்லை. கரிசல் கட்டிகள் தெறித்துக் கணுக்காலில் பட்டபோது மாரிச்செல்விக்குக் கோபத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. தசைநார் அறுந்ததற்குப் பின் முதல் தடவையாக எம்பினாள். பனை உயரத்தில் நின்றாள். விடியலிலிருந்து மேஸ்திரியின் ஏச்சைக் கேட்டுவிட்டு வந்திருந்த கற்பகம் அடுத்ததாக எழும்பினாள். பிறகு ஒவ்வொருத்தியாக எல்லோரும் போனார்கள். அவர்களுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

சாமித்துரை டிராக்டரை நிறுத்தி, “எறங்குங்க! இது என் எடம்!” என்று கத்தினார்.

“நெலம் ஒங்களுதுதான் அண்ணாச்சி, நல்லா உழுதுக்கிடுங்க” என்றாள் மாரிச்செல்வி மேலிருந்து. “இந்த ஒயரத்துக்குப் பட்டா வச்சிருந்தா காட்டுங்க, எறங்கிடுதோம்.”

அவர் தாலுகா ஆபீஸுக்குப் போய் விசாரித்தார். ஆகாயத்துக்குப் பட்டா போடுவதில்லை என்று அங்கே சொல்லிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் உழுததை வீணாக்காமல், மழை பெய்ததும் உளுந்து விதைத்தார். இப்போது அங்கே கீழே வெள்ளாமை, மேலே ஆட்டம். பந்து விழுந்து செடி ஒடிந்தால் சாமித்துரை ஏசுவார். அவர்களும் மேலே நின்றபடியே திருப்பி ஏசுவார்கள். பொழுது சாய, கோபம் ஆறியவர்கள் முதலில் இறங்கி, வரப்பில் கிடக்கும் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். மாரிச்செல்வி இறங்கக் கொஞ்சம் நேரமாகும்.